ஆம்பூரில் இருந்தபடி கடலைப் பராமரித்த கதை

போன மாதம் நான் வேலை பார்த்த தோல் கம்பெனியில் இருந்து ஒரு பெண் போன் செய்தார். பயிற்சிப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவராம். குரலில் நல்ல மரியாதை.

"சார், கடல் மட்டம் ஏறுறதுக்குத் தகுந்த மாதிரி ஏற்பாடு பண்ணதுல நம்ம கம்பெனிதான் முன்னோடின்னு பழைய ஃபைல்ல இருக்கு. அந்த வேலையை நீங்கதான் பாத்தீங்கன்னும் இருக்கு. ஜூனியர்ஸுக்கு ஒரு பத்து நிமிஷம் பேச முடியுமா?"

எங்கள் ஆம்பூரில் இருந்து கடலைப் பார்க்க வேண்டுமானால் வேலூர், காஞ்சிபுரம் என்று மூன்று பஸ் மாறி, காலையில் கிளம்பினவன் மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல்தான் போய்ச் சேருவான். அப்படிப்பட்ட ஊர்க்காரர்கள் கடல் விஷயத்தில் முன்னோடி என்றால் யாருக்கும் சிரிப்பு வரும். எனக்கு வரவில்லை. அந்த ஃபைலில் அப்படி எழுதியவன் நான்தான். எழுதச் சொன்னவர் வேறு ஒருவர்.

பத்து நிமிடத்தில் சொல்ல முடியாதம்மா, எழுதித் தருகிறேன் என்றேன். அவர்கள் வேண்டியதை வைத்துக்கொண்டு வேண்டாததை வெட்டிவிடுவார்கள் என்று தெரியும். அதற்காகவே முழுசாக எழுதுகிறேன்.

என் பெயர் சாமுவேல். ஐ.டி.ஐ. முடித்து, இரண்டு வருடம் ஒரு ஷாப்பில் ஹோஸ் பைப் பிடித்தேன். எங்கள் பக்கம் தோல் பதனிடும் இடத்தை ஷாப்பு என்றுதான் சொல்வோம். பிறகு பெரிய கம்பெனியில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர், அப்புறம் சூபர்வைசர். என் படிப்பும் பயிற்சியும் அவ்வளவுதான். தொண்ணூறுகளில் கோர்ட் உத்தரவு வந்து, கழிவுநீரைச் சுத்தம் செய்யாத ஷாப்புகளை மூடினார்கள். எங்கள் கம்பெனியும் அவசர அவசரமாக ஒரு சுத்திகரிப்பு பிளான்ட் கட்டியது. அதை ஓட்டும் வேலை எனக்கு வந்தது. அன்றிலிருந்து கம்பெனியில் தண்ணீர் என்றால் சாமுவேல். கேன்டீன் போர்வெல் வற்றினால் சாமுவேல். முதலாளி வீட்டுக் குழாய் ஒழுகினால் சாமுவேல்.

கம்பெனிக்குக் கடற்கரையில் ஒரு விருந்தினர் விடுதி இருந்தது. சுற்றுலாக்காரர்கள் வந்து குவியும் ஒரு கடலோர ஊர். பெயரை எழுதவில்லை, அங்கே இன்னும் லாட்ஜ் நடத்திப் பிழைக்கிறார்கள். ஷூ வாங்க வரும் வெளிநாட்டு பையர்களுக்கு எங்கள் ஊர் வாசனை இரண்டு நாளுக்கு மேல் தாங்காது. மூன்றாம் நாள் அவர்களைக் காரில் ஏற்றி அந்த விடுதிக்கு அனுப்புவார்கள். கடல் காற்றில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுவார்கள். ஒரு மழைக்காலம் முடிந்ததும் அங்கிருந்த காவலாளி கன்னியப்பனிடமிருந்து கடிதம் வந்தது. "ஐயா, கடல் தோட்டத்துக்குள் வருகிறது. என்ன செய்யட்டும்?" அந்தக் கடிதத்தின் ஓரத்தில் ஜி.எம். பச்சை மையில் எழுதினார்: "நீர் சம்பந்தப்பட்டது. சாமுவேல் பார்க்கவும்." வங்காள விரிகுடா என் பொறுப்புக்கு வந்தது இப்படித்தான்.

ஜி.எம். கனகசபை சாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குள்ளமான, சுத்தமான மனிதர். சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. மேஜை மேல் ஒரு ஸ்டீல் ஸ்கேல் வைத்திருப்பார். எந்தக் காகிதத்தையும் வரிக்குக் கீழே ஸ்கேலை வைத்து, ஒவ்வொரு வரியாக இறக்கித்தான் படிப்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. யார் என்ன சொன்னாலும் "எழுத்துல குடுங்க" என்பார். கோபம் வந்தால் "ரொம்ப சந்தோஷம்" என்பார். கோபம் ஜாஸ்தியானால் இரண்டு தடவை சொல்வார். புதிதாக வந்தவர்கள் அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டு சிரித்த முகத்தோடு வெளியே வருவார்கள். மாற்றல் உத்தரவு சாயங்காலம் வரும்.

கடலை நான் அளந்த முறை இது. பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் போவேன். விடுதி வராந்தாவின் கடைசிப் படியில் டேப்பின் வளையத்தைக் கன்னியப்பன் கட்டைவிரலால் அழுத்திப் பிடிப்பான். நான் டேப்பை இழுத்துக்கொண்டு கடல் பக்கம் போவேன். ஏழு அலை பார்க்க வேண்டும். ஒவ்வொரு அலை ஏறி நிற்கும் இடத்திலும் சுண்ணாம்புத் தூளால் ஒரு கோடு. ஏழில் எது அதிகம் ஏறியதோ அந்தக் கோட்டுக்கு டேப்பைப் பிடித்து, கம்பெனி நோட்டில் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். முதல் தடவை நாற்பத்தாறு மீட்டர் வந்தது. அடுத்த வருடம் முப்பத்தெட்டு. அதற்கடுத்த வருடம் முப்பத்தொன்று. தோட்டத்தில் ஐந்து வரிசையாக இருந்த சவுக்கு மரங்களில் மூன்று வரிசை போய்விட்டது.

"கடல் வருடத்துக்கு ஏழெட்டு மீட்டர் வருகிறது" என்று அறிக்கை எழுதினேன். கனகசபை சார் ஸ்கேலை அந்த வரிக்குக் கீழே நிறுத்தினார்.

"கடல் வருதுன்னு எழுதாதீங்க சாமுவேல்."

"வருதே சார்."

"வர்றது இருக்கட்டும். பையர் படிச்சா பயப்படுவான். தூரம் குறையுதுன்னு எழுதுங்க."

மாற்றி எழுதினேன். அதற்குப் பிறகு எங்கள் ஃபைலில் கடல் ஒரு தடவைகூட வந்ததில்லை. தூரம்தான் குறைந்துகொண்டே போனது.

அந்த ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்டால், அவர்களும் சும்மா இருக்கவில்லை. கடற்கரையில் உட்கார்ந்து காற்று வாங்க சிமென்ட் பெஞ்சுகள் போட்டிருந்தார்கள். வருடா வருடம் பேரூராட்சியில் தீர்மானம் போட்டு அந்த பெஞ்சுகளைப் பத்தடி பின்னால் நகர்த்துவார்கள். கடைசியில் பெஞ்சுகள் ரோட்டைத் தாண்டி பஸ் ஸ்டாண்டுக்குள் வந்துவிட்டன. பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்களுக்கு வசதியாகப் போயிற்று. "இதைத் தாண்டிக் குளிக்கக் கூடாது" என்று மணலில் ஒரு இரும்பு போர்டு நட்டிருந்தார்கள். அதைச் சுற்றிக் கழுத்தளவு தண்ணீர் வந்துவிட்டது. வெளியூர்ப் பிள்ளைகள் நீந்திப் போய் அதைப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்துக்கொள்வார்கள். சட்டப்படி அவர்கள் மேல் தப்பு சொல்ல முடியாது. போர்டைத் தாண்டவில்லையே.

லாட்ஜ் ஓனர்கள் சங்கம் ஒரு கூட்டம் போட்டது. கம்பெனி சார்பில் என்னை அனுப்பினார்கள். கல்யாண மண்டபத்தில் மின்விசிறி சுற்ற, பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டே எல்லாரும் பேசினோம். மணல் போய்விட்டால் வெயில் காய வருகிற விருந்தாளி எங்கே படுப்பான் என்று ஒருவர் கேட்டார். நீச்சல் குளம் வெட்டிவிடலாம் என்று முடிவாயிற்று. கடலோரத்தில் இருந்து மூன்றாவது வரிசையில் லாட்ஜ் வைத்திருந்த தங்கராஜ் என்பவர் மட்டும் அன்றைக்கு எல்லாருக்கும் லட்டு கொடுத்தார். அவருக்கு முன்னால் இருந்த இரண்டு லாட்ஜுகளும் இடிந்து, அவருடைய ஜன்னலில் கடல் தெரிய ஆரம்பித்திருந்தது. போர்டைக்கூட "கடல் காட்சி விடுதி" என்று மாற்றிவிட்டார்.

"அடுத்தது உங்க டர்ன் இல்லீங்களா?" என்று கேட்டேன்.

"அதுக்கு நாலு வருஷம் இருக்குது சார். அதுவரைக்கும் பாக்கட்டுமே" என்றார்.

நான் அவரைப் பார்த்து ஏளனமாக நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. அந்த மண்டபத்தில் உண்மையைப் பேசிய ஒரே ஆள் அவர்தான்.

விடுதிக் கிணற்றிலும் உப்பு ஏறிவிட்டது. பிளான்ட்டில் நான் வைத்திருந்த உப்பு பார்க்கும் மீட்டரை எடுத்துப் போய்க் கிணற்றுத் தண்ணீரில் விட்டுப் பார்த்தேன். எங்கள் ஆம்பூர்க் கிணற்றில் காட்டுகிற அதே அளவு. அன்றைக்குக் கன்னியப்பனின் சம்சாரம் செல்வி போட்டுக் கொடுத்த டீ அப்படியே எங்கள் வீட்டு டீ மாதிரி இருந்தது. அவளிடம் சொன்னேன்.

"உங்க ஊர்லதான் கடலே இல்லியே சார். அங்க எப்படி உப்பு?" என்றாள்.

"அது ஷாப்புத் தண்ணி இறங்கினது" என்றேன். செல்விதான் விடுதிக்குச் சமையல். வீடு வடக்கே, விடுதி மதிலை ஒட்டி ஆரம்பிக்கும் மீனவர் குப்பத்தில் முதல் வீடு. கன்னியப்பன் பேச்சு கம்மி. அவனுக்கும் சேர்த்து இவள் பேசுவாள்.

தூரம் இருபத்தைந்துக்கு வந்ததும் கனகசபை சார் சென்னையில் இருந்து ஓய்வுபெற்ற துறைமுக எஞ்சினியர் ஒருவரை அழைத்தார். வயதானவர், வெயிலுக்குக் குடை பிடித்துக்கொண்டு இரண்டு நாள் கரையில் நடந்தார். மூன்றாம் நாள் குடையை மடக்கி, அதன் முனையால் மணலில் கோடு போட்டு எனக்கு விளக்கினார்.

"தம்பி, ரெண்டு விஷயம் நடக்குது. கடல் மட்டமே கொஞ்சம் கொஞ்சமா ஏறிட்டு வருது. அது மெதுவா நடக்குற காரியம். இன்னொண்ணு மணல். இந்தக் கரையில மணல் தெற்கேருந்து வடக்கே நடந்து போயிட்டே இருக்கும். தெற்கே இருக்கற லாட்ஜுக்காரன் கல்லு போட்டுப் புடிச்சுக்கிட்டான். அதான் உனக்கு வரலை. நீயும் கடலுக்குள்ள கொக்கி மாதிரி கல்லு போட்டீன்னா உனக்கு மணல் சேரும்."

"அப்ப போட்டுடலாமா சார்?"

"போடலாம். உனக்கு வடக்கே யாரு இருக்கா?"

"குப்பம் சார்."

"அவனுக்கு மணல் வராது. வீட்டுக்குள்ள தண்ணி வரும்."

கடலுக்குள் கொக்கி மாதிரி நீட்டும் அந்தக் கல் சுவரைத் தூண்டில் வளைவு என்பார்கள். அவருடைய அறிக்கையில் மூன்றே வரிகள். ஒன்று: இங்கே தூண்டில் வளைவு போட்டால் விடுதிக்கு முன்னால் மணல் சேரும். இரண்டு: வடக்கே உள்ள குப்பத்துக்கு முன்னால் மணல் குறைந்து வீடுகளுக்கு ஆபத்து வரும். மூன்று: குப்பத்தாரிடம் பேசிவிட்டு முடிவெடுக்கவும்.

கனகசபை சார் ஸ்கேலை முதல் வரிக்குக் கீழே வைத்தார். படித்தார். இரண்டாவது வரிக்கு இறக்கினார். வெகு நேரம் அங்கேயே வைத்திருந்தார். பிறகு ஸ்கேலை எடுத்துக் காகிதத்தின் மேலேயே படுக்க வைத்தார். இரண்டாவதும் மூன்றாவதும் மறைந்துவிட்டன.

"இது நம்ம காம்பவுண்டுக்கு வெளியே இருக்கற சமாச்சாரம். நாம அவரை நம்ம காம்பவுண்டைப் பத்திதான் கேட்டோம்."

"ஆனா சார், நம்ம கன்னியப்பன் வீடே அங்கதான் இருக்கு."

"ரொம்ப சந்தோஷம்" என்றார்.

நான் வாயை மூடிக்கொண்டேன். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். என் மனைவி வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். எதிர்த்துப் பேசினவர்களைக் கம்பெனி பேரணாம்பட்டு யூனிட்டுக்கு அனுப்பும். அங்கே எப்போதும் நைட் ஷிப்ட், போனால் நானும் அவளும் ஞாயிற்றுக்கிழமை கோவிலில்தான் பார்த்துக்கொள்ள முடியும். அதனால் முதல் வரியை மட்டும் வைத்துப் புதிதாக ஒரு அறிக்கை டைப் செய்து, கீழே "சரிபார்க்கப்பட்டது – சாமுவேல்" என்று கையெழுத்தும் போட்டேன். ஜி.எம். கிழித்துவிடச் சொன்ன ஒரிஜினலைக் கிழிக்க மனசு வரவில்லை. பிளான்ட் ரூம் பீரோவில், ரசாயன ரிஜிஸ்டருக்கு அடியில் வைத்தேன்.

கடலோரத்தில் புதிதாக எதையும் கட்ட ஆயிரம் அனுமதி வேண்டும். விண்ணப்பத்தில் கனகசபை சார் "தோட்டச் சுவர் பழுதுபார்த்தல்" என்று எழுதினார். கடலுக்குள் அறுபது மீட்டர் போகிற தோட்டச் சுவருக்கு அனுமதி வந்துவிட்டது. வாலாஜா பக்கத்துக் குவாரியில் இருந்து லாரி லாரியாகக் கருங்கல் போயிற்று. ஒன்றரை மாதம் நான் அங்கேயே தங்கி வேலையை முடித்தேன். செல்விதான் எனக்கும் லாரிக்காரர்களுக்கும் சமைத்துப் போட்டாள். ஒரு நாள் மீன் குழம்பு ஊற்றிக்கொண்டே, "இதைப் போட்டா எங்களுக்கும் நல்லதுதானே சார்?" என்று கேட்டாள்.

"குழம்புல உப்பு கொஞ்சம் கம்மி" என்றேன். அவளுடைய கேள்விக்கு நான் சொன்ன பதில் அதுதான்.

சுவர் நன்றாகவே வேலை செய்தது. ஒரே வருடத்தில் விடுதிக்கு முன்னால் மணல் சேர்ந்து தூரம் நாற்பதுக்குத் திரும்பியது. பையர்கள் மறுபடி நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். கனகசபை சார் என்னைக் கூப்பிட்டு ஒன்றும் சொல்லாமல் ஒரு டீ வரவழைத்துக் கொடுத்தார். அவரிடம் அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

அடுத்த மழைக்காலம் முடியும் சமயம், ஒரு திங்கட்கிழமை காலை, கேட்டில் இருந்து செக்யூரிட்டி கூப்பிட்டான். யாரோ மீன்காரங்க உங்களைத் தேடி வந்திருக்காங்க என்றான். போய்ப் பார்த்தால் கன்னியப்பனும் செல்வியும். ராத்திரியே கிளம்பி மூன்று பஸ் மாறி வந்திருக்கிறார்கள். கன்னியப்பன் கையில் ஒரு துணிப்பை. அதில் வீட்டுப் பட்டாவும் ரேஷன் கார்டும் இருந்தன.

"வூடு போய்ட்ச்சு சார்" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

செல்விதான் சொன்னாள். முந்தின வாரம் மத்தியானம், சோறு வடித்துக்கொண்டு இருந்தபோது பின்சுவர் அப்படியே கடல் பக்கம் சாய்ந்ததாம். ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்னும் நாலு வீடு விரிசல் விட்டு நிற்கிறதாம். இப்போதைக்கு விடுதியின் ஸ்டோர் ரூமில் படுத்துக்கொள்கிறார்கள்.

"உங்க சுவத்துக்கு இந்தாண்ட மணலு மேடு கட்டி நிக்குது. அந்தாண்ட பள்ளம். குப்பத்துல எல்லாரும் என் வூட்டுக்காரரைத்தான் கேக்கறாங்க. உன் கம்பெனி கல்லுதானேன்னு. நாங்க இன்னா சொல்றது?"

கனகசபை சார் மத்தியானம்தான் வருவார். கேன்டீனில் அவர்களுக்கு இட்லி வாங்கிக் கொடுத்து, பிளான்ட் ரூமுக்கு அழைத்துப் போனேன். செல்வி தொட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். கடைசியில் வெளியே போகிற வாய்க்கால் பக்கம் நின்றாள்.

"இது எங்க போவுது?"

"பாலாத்துக்கு."

"ஆத்துக்கு அந்தாண்ட ஊரு இல்லியா?"

"இருக்கு."

"அவங்க ஒண்ணும் கேக்கலியா?"

"கேட்டாங்க. முப்பது வருஷம் கேட்டாங்க. கேட்டப்ப யாரும் காதுல வாங்கலை. அப்புறம் கோர்ட்டுக்குப் போனாங்க. ஷாப்பை மூடுன்னாங்க. அப்பதான் இந்தத் தொட்டியெல்லாம் கட்டினோம்."

அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். "கேட்டுக்கினியா? இங்க வந்து நின்னு கெஞ்சறதுல ஒண்ணும் இல்ல. இவங்களுக்குக் காகிதத்துலதான் சொல்லணும்" என்றாள்.

என்னை அறியாமல் என் கம்பெனிக்கு எதிராக நானே வழி சொல்லிக் கொடுத்துவிட்டேன். சரி, ஆரம்பித்ததை முடித்துவிடலாம் என்று தோன்றியது. பீரோவைத் திறந்து ரிஜிஸ்டருக்கு அடியில் இருந்த அறிக்கையை எடுத்து அவளுக்குப் படித்துக் காட்டினேன். இரண்டாவது வரி வந்ததும் கன்னியப்பன் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா சார்?" என்று கேட்டாள் செல்வி.

"தெரியும்."

"நான் குழம்பு ஊத்திக்கினே கேட்டேனே, அப்பவும் தெரியுமா?"

"தெரியும்மா."

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அந்தக் காகிதத்தைக் குடுங்க" என்று மட்டும் கேட்டாள்.

சும்மா தூக்கிக் கொடுத்தால் அது திருட்டாகிவிடும். அவள் நிலைமையும் என் நிலைமையும் பேஜாராகிவிடும். கோர்ட் விவகாரத்துக்குப் பிறகு கனகசபை சாரே ஒரு சர்க்குலர் போட்டிருந்தார்: கம்பெனி நடவடிக்கையால் பாதிக்கப்பட்டதாகச் சொல்கிறவர்கள் எழுத்தில் கேட்டால், சம்பந்தப்பட்ட காகிதத்தின் நகலை எழுத்தில் கொடுக்க வேண்டும். கோர்ட்டில் நீதிபதி கேட்ட ஒரு கேள்விக்குப் பயந்து போட்ட சர்க்குலர் அது. அதுவரை யாரும் பயன்படுத்தினதில்லை. செல்வி சொல்லச் சொல்ல ஒரு மனு எழுதினேன். அவள் கையெழுத்துப் போட்டாள். நிறுத்தி நிதானமாக, எழுத்துக் கூட்டிப் போட்டாள். மனுவையும் சர்க்குலரையும் ஒரிஜினல் அறிக்கையையும் ஒன்றாகப் பின் செய்து, மூன்று பேருமாக ஜி.எம். ரூமுக்குப் போனோம்.

கனகசபை சார் மனுவுக்கு ஸ்கேல் வைத்தார். பிறகு தன்னுடைய சர்க்குலருக்கு வைத்தார். பிறகு அறிக்கைக்கு. அறிக்கையைப் பார்த்ததும் தலையைத் தூக்கினார்.

"இது இன்னுமா இருக்கு?"

"இருக்கு சார்."

"இதைக் கிழிச்சிடச் சொல்லலையா நான்?"

"எழுத்துல சொல்லலை சார்."

செல்வி நின்றுகொண்டே இருந்தாள். நாற்காலி இருந்தும் யாரும் உட்காரச் சொல்லவில்லை. கனகசபை சார் பேனாவைத் திறந்து, சர்க்குலரில் தன் கையெழுத்தைத் தானே ஒரு முறை சரிபார்த்துவிட்டு, "நகல் கொடுக்கலாம்" என்று மனுவின் ஓரத்தில் பச்சை மையில் எழுதினார். தான் போட்ட விதியைத் தானே மீறுவது அந்த மனிதருக்கு முடியாத காரியம். அதற்காக இன்றைக்கும் அவர் மேல் எனக்குக் கொஞ்சம் மரியாதை உண்டு.

"ரொம்ப சந்தோஷம் சாமுவேல்" என்றார். செல்வி கதவருகே போனதும் இன்னொரு தடவை சொன்னார்.

செல்வி கோர்ட்டுக்குக்கூடப் போகவில்லை. குப்பத்துப் பெண்களைக் கூட்டிக்கொண்டு அந்த மாவட்டக் கலெக்டர் ஆபீஸ் வாசலில் மூன்று திங்கட்கிழமை உட்கார்ந்தாள். மூன்றாவது திங்களன்று ஒரு அதிகாரி ஜீப்பில் வந்து பார்த்தார். இரண்டாவது வரியை அவரே சத்தமாகப் படித்தார். எங்கள் கம்பெனிக்கு உத்தரவு வந்தது. கல்லை எடுக்கச் சொல்வார்கள் என்று நான் நினைத்தேன். ஆனால் போட்ட கல்லை எடுப்பதற்கு எந்த ஆபீசிலும் ஃபாரம் கிடையாதாம். குப்பத்தின் வடக்கு முனையில் இன்னொரு தூண்டில் வளைவு போட்டு அவர்களையும் காப்பாற்ற வேண்டும், கம்பெனிக்கு இந்த வேலையில் முன் அனுபவம் இருப்பதால் அவர்களே செய்துதர வேண்டும் என்று உத்தரவு. கன்னியப்பனுக்கும் மற்ற நாலு பேருக்கும் ரோட்டோரத்தில் இடம் கொடுத்து வீடு கட்டித் தரவும் சொல்லியிருந்தது.

என்னைப் பேரணாம்பட்டுக்கு அனுப்பும் உத்தரவு டைப் ஆகி ஜி.எம். மேஜையில் இருந்தது. கல் போடத் தெரிந்தவன் கம்பெனியில் நான் ஒருவன்தான் என்பதால் அது மேஜையிலேயே தங்கிவிட்டது. கனகசபை சார் புது ஃபைலுக்குத் தலைப்பு சொல்லச் சொல்ல நான் எழுதினேன்: "கடலோர மக்களுக்கான முன்னோடிப் பாதுகாப்புத் திட்டம்." அந்தப் பெண் போன மாதம் பார்த்த ஃபைல் இதுதான்.

பின்னால் நடந்ததையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குப்பத்துக்கு மணல் திரும்பியது. படகு இழுத்துப் போட இடம் வந்தது. தங்கராஜ் சொன்ன நாலு வருடம் ஆறு வருடமாக நீண்டது. அப்புறம் அவர் லாட்ஜும் போயிற்று. பையர்கள் வருவது குறைந்ததும் கம்பெனி விடுதியை விற்றது. வாங்கினவர் அந்தச் சுவரைக் காட்டித்தான் விளம்பரம் செய்கிறார். கனகசபை சார் ஓய்வுபெற்று மகனோடு போய்விட்டார். கன்னியப்பன் மறுபடி கடலுக்குப் போகிறான். அவனுக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

ஜூனியர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதில் எதுவும் இல்லை. இரண்டாவது சுவருக்கு முதல் கல் இறக்கின நாள் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்கிறேன்.

காலை பத்து மணி இருக்கும். குப்பத்தின் வடக்கு முனையில் ஐந்து லாரி வரிசையாக நின்றது. குப்பத்து ஆட்கள் தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டினார்கள். எல்லார் முகத்திலும் சந்தோஷம். செல்வி என் பக்கத்தில் வந்து நின்றாள். நான் அவளிடம் உண்மையை ஒளித்தவன் என்பதை அவள் மறக்கவில்லை. பழையபடி கலகலப்பாகப் பேசுவதை விட்டுவிட்டாள். தேவைக்கு மட்டும் பேசுவாள்.

"சார், ஒண்ணு கேட்டா நேராச் சொல்வீங்களா?"

"சொல்றேன்."

"இந்தக் கல்லுக்கு வடக்கே யாரு?"

எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். அங்கிருந்து பார்த்தாலே அடுத்த குப்பத்தின் படகுகள் தெரியும்.

"அந்தக் குப்பம்தான். அவங்களுக்கு மணல் கம்மியாகும். ரெண்டு மூணு வருஷத்துல வீட்டுக்குத் தண்ணி வரும்" என்றேன்.

"எங்க அக்காவ அங்கதான் குடுத்திருக்குது."

பின்னால் கன்னியப்பன் லாரிக்காரர்களுக்கு வழி காட்டிக்கொண்டிருந்தான். செல்வி தன் குப்பத்தைத் திரும்பிப் பார்த்தாள். விரிசல் விட்ட நாலு வீட்டையும் பார்த்தாள். பிறகு அந்தப் பக்கத்துப் படகுகளைப் பார்த்தாள். முந்தானையை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"போடுங்க சார்" என்றாள். "நான் போய் அவகிட்ட சொல்லிட்டு வந்துடறேன். நீங்க எங்கிட்ட சொல்லாத மாதிரி நான் இருக்கக் கூடாது இல்ல?"

கேட்டுவிட்டு என் பதிலுக்கு நிற்கவில்லை. ஈர மணலில் இறங்கி வடக்கே நடக்க ஆரம்பித்தாள். அறிக்கையின் நகல் ஒன்று, பாலிதீன் கவரில் சுருட்டினது, அவள் கையில் இருந்தது. வெயிலில் அவள் உருவம் சின்னதாகி, படகுகளோடு சேர்ந்து தெரியாமல் போகிற வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

முதல் லாரியின் டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டினான்.

"இன்னா சார், கொட்டட்டுமா வேணாமா?"

"கொட்டுப்பா" என்றேன்.